அம்மா யாரைக் கும்பிட்டாள்?

பெந்தகோஸ்தே திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, கத்தோலிக்கக் கோயில்களில் மூவொரு கடவுள் பெருவிழா. 1334இல் போப் 22ஆம் யோவான் மேற்குத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்திய திருநாள் இது. மற்ற ஞாயிறுகளில் பிரசங்கத்தில் காணாமல்போன ஆடு வரும், ஊதாரிப் பிள்ளை வருவான், கடுகு விதை வரும். இந்த ஒரு ஞாயிறு மட்டும் கணக்கு வரும். ஒன்றும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து எப்படி ஒன்று? சாமியார் தண்ணீர், ஐஸ் கட்டி, நீராவி என்று ஆரம்பிப்பார். பாதி வழியில் அவருக்கே சலித்துவிடும். இது மறைபொருள், மனித அறிவுக்கு எட்டாது என்று முடித்து, விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்து நிற்கச் சொல்வார். நிற்போம்.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை போடாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் தொடங்காது. பஸ் கிளம்பினால், சோற்றில் கை வைத்தால், ராத்திரி கரண்ட் போனால்கூட. பாட்டி கடைசிவரை பழைய போர்ச்சுக்கீசிய வழக்கில் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றுதான் சொல்வாள். அம்மாவுக்கு அது ‘பரிசுத்த ஆவி’. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தது ‘தூய ஆவியார்’. மூன்று தலைமுறையில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. கை போகும் பாதை மாறவில்லை. அது என்ன என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

தேவை இரண்டு வருடத்துக்கு முன்னால் போன் வழியாக வந்தது.

“ஏட்டி, தம்பி வந்துட்டு இப்பந்தான் போறான். நான் வாங்குன ஞானஸ்நானம் செல்லாதாம்லா. பிதா, சுதன், ஆவின்னு மூணு பேரச் சொல்லி ஊத்துனது கணக்குல வராதாம். இயேசு பேர்ல மறுபடி முங்கணும்னு சொல்லுதான்.”

“நீ என்னம்மா சொன்ன?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்: “அப்ப எழுவத்தோரு வருசமா நான் யாரத்தான் கும்பிட்டேன்? ஒங்கப்பாவ யார் பேரச் சொல்லிப் பொதச்சோம்?”

தம்பி ஐந்து வருடமாக வேறொரு சபைக்குப் போகிறான். அந்தச் சபைக்கு இயேசு என்ற ஒரே நாமம்தான். தந்தை, மகன், ஆவி என்பதெல்லாம் ஒரே ஆளின் வெவ்வேறு வெளிப்பாடுகள். சும்மா “போடா” என்று அவனைத் தள்ளிவிட எங்கள் இரண்டு பேராலும் முடியாது. அவன் குடியை விட்டது அங்கே போன பிறகுதான். அதற்கு முன்னால் அம்மா சொல்லாத செபம் இல்லை, போகாத கோயில் இல்லை. மகனை மீட்டுக் கொடுத்த இடமே இப்போது அம்மாவின் செபத்தை விலாசம் தவறிய கடிதம் என்கிறது. அவளுடைய கேள்வியின் பாரம் அதுதான்.

நான் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். இன்சூரன்ஸ் பத்திரம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாள், இந்த மாதிரி. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் ஈடாகுமா என்று பார்ப்பதுதான் வேலை. அம்மாவின் கேள்வியையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் எனக்கு அணுகத் தெரிந்தது.

*

முதலில் உதாரணங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

தண்ணீர், ஐஸ், நீராவி. ஒரே பொருள், மூன்று நிலை. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் ஒரு நேரத்தில் ஒரு நிலையில்தான் இருக்கும். ஐஸ் நீராவியோடு பேசாது. ஒரே கடவுள் தந்தையாக, மகனாக, ஆவியாக வேடம் மாற்றுகிறார் என்ற கருத்தை மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் சபெல்லியுஸ் என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொன்னார்கள். திருச்சபை அதை மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், எங்கள் கோயிலில் வருடாவருடம் கேட்கிற இந்தத் தண்ணீர் உதாரணம் தம்பியின் சபைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

முட்டை. ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு. மூன்றும் சேர்ந்தால்தான் முட்டை. அப்படியானால் மகன் கடவுளில் மூன்றில் ஒரு பங்கா? கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. மகன் முழுக் கடவுள், ஆவியார் முழுக் கடவுள்.

சூரியன், அதன் கதிர், அதன் வெப்பம். திருச்சபையின் ஆரம்பகால ஆசிரியர்களே சொன்னது, மூன்றில் நல்ல உதாரணம். ஆனாலும் கதிர் சூரியன் அளவுக்கு ஆகுமா என்று ஒருவர் கேட்டால், மகன் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறார்.

சென்னையில் ஒரு தோழி, “எங்க பிரம்மா, விஷ்ணு, சிவன் மாதிரியா?” என்றாள். படைத்தல், காத்தல், அழித்தல் என்று அங்கே தொழில் பிரிகிறது. கிறிஸ்தவக் கோட்பாட்டில் உலகத்தை நோக்கிய எல்லாச் செயலும் மூவருடையது. உள்ளூரில் நடந்த இன்னொரு முயற்சி இன்னும் ஆழமானது. வங்காளத்தின் பிரம்மபாந்தவ் உபாத்யாய் 1898இல் மூவொரு கடவுளைச் சச்சிதானந்தம் என்று வணங்கி ஒரு சமஸ்கிருதத் துதி எழுதினார். குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக்கரையில், மோன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் 1950இல் தொடங்கிய சாந்திவனத்தின் முறையான பெயரே சச்சிதானந்த ஆசிரமம்தான். இருப்பு, உணர்வு, ஆனந்தம். அழகான சொற்சேர்க்கை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் நின்றது. இருப்பும் உணர்வும் ஒன்றையொன்று ‘நீ’ என்று கூப்பிடுமா? சுவிசேஷத்தில் இயேசு கூப்பிடுகிறார். ராத்திரி தோட்டத்தில் முகம்குப்புற விழுந்து, ‘அப்பா’ என்று கூப்பிடுகிறார். ஒரே ஆள்தான் என்றால், அன்றைக்கு அவர் யாரோடு பேசினார்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட பிறகு கணக்கு எனக்கு முக்கியமில்லாமல் போனது. ஆதியில் யாரும் மூன்றை ஒன்றாக்கிக் காட்ட உட்காரவில்லை. அவர்கள் யூத மரபிலிருந்து வந்தவர்கள். கடவுள் ஒருவரே என்பதை உயிரைக் கொடுத்துக் காத்தவர்கள். அவர்களே இயேசுவை நோக்கிச் செபித்தார்கள். தங்களுக்குள் செபிக்கிறவராக ஆவியாரை உணர்ந்தார்கள். இதில் ஒன்றைக் கைவிட்டிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். ஒன்றையும் விட மனசில்லாததால் வந்த சிக்கல்தான் திரித்துவம்.

*

கி.பி. 318 வாக்கில் அலெக்ஸாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர் அந்தச் சுலபமான வழியைச் சொன்னார். மகன் மிக உயர்ந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர். அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் இதை மறுத்தார்கள். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்றார்கள். அதற்கு அவர்கள் எடுத்த கிரேக்கச் சொல் ‘ஹோமோஊசியோஸ்’. விவிலியத்தில் இல்லாத சொல். அதனாலேயே பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஐம்பது வருடமும் சண்டைதான். சங்கத்தின் பக்கம் நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை ஊரைவிட்டு விரட்டப்பட்டார்.

இது மேல்மட்டத்துச் சண்டையாகவும் இருக்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிளில் சில்லறை மாற்றப் போனாலும், ரொட்டி விலை கேட்டாலும், குளிக்கத் தண்ணீர் தயாரா என்று கேட்டாலும், தந்தை பெரியவரா மகன் பெரியவரா என்றுதான் பதில் வருகிறது என்று நிஸ்ஸா நகர ஆயர் கிரகோரி அலுத்துக்கொள்கிறார். படித்தபோது எங்கள் வீட்டு அடுக்களை ஞாபகத்துக்கு வந்தது.

மொழிபெயர்ப்பாளராக எனக்குப் பிடித்த வருடம் 362. கிரேக்கத்தில் ‘ஊசியா’, ‘ஹிப்போஸ்டாசிஸ்’ என்று இரண்டு சொற்கள். நிசேயா சங்கம் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே பொருளில் வைத்தது. பிறகு சிலர் கடவுளில் ஒரே ஹிப்போஸ்டாசிஸ் என்றார்கள். சிலர் மூன்று என்றார்கள். முதல் கூட்டத்துக்கு இரண்டாவது கூட்டம் மூன்று கடவுள்களைக் கும்பிடுவதாகத் தோன்றியது. இரண்டாவதற்கு முதலாவது சபெல்லியுஸின் ஆட்களாகத் தெரிந்தது. அத்தனாசியுஸ் அலெக்ஸாந்திரியாவில் ஒரு கூட்டம் கூட்டி, இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்து, ‘நீங்கள் இந்தச் சொல்லால் எதைச் சொல்கிறீர்கள்?’ என்று விசாரித்தார். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. எல்லாச் சண்டையும் இப்படி முடியாது. ஆரியுஸோடு இருந்தது சொல்லுக்கான சண்டை இல்லை. ஆனாலும் கேட்டுப் பார்த்தார்கள், அது பெரிய விஷயம்.

தமிழில் ஹிப்போஸ்டாசிஸுக்கு ‘ஆள்’ என்று வைத்தார்கள். ஒரே கடவுள், மூன்று ஆட்கள். காதுக்கு அது சிக்கல்தான். “இந்த சீட்ல மூணு ஆள் உக்காரலாம்” என்கிற அதே ஆள். லத்தீனிலும் இதே அவஸ்தை. அங்கே வைத்த ‘பெர்சோனா’ என்ற சொல்லுக்கு நாடக முகமூடி என்ற பொருளும் உண்டு. மூன்று என்றால் மூன்று என்ன என்று கேட்டால் மனித மொழி திணறுகிறது, வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் ஒரு சொல்லைச் சொல்கிறோம் என்ற பொருளில் அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். திரித்துவத்தைப் பற்றிப் பதினைந்து பாகம் எழுதியவர்!

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் மிக அழகாக வேலை செய்திருக்கிறது. ஆவி என்றால் நமக்கு இட்லிச் சட்டியில் வருவது, இல்லையென்றால் புளியமரத்தில் இருப்பது. இரண்டும் அஃறிணை. கிரேக்கத்திலும் அந்தச் சொல் அஃறிணைப் பால்தான். எபிரேயத்தில் பெரும்பாலும் பெண்பால். நான்காம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இதுவே சண்டையானது: ஆவி கடவுளின் ஒரு சக்தியா, கும்பிடத்தக்க ஆளா? கப்பதோக்கியாவின் செசரியாவில் பசிலியுஸ் என்ற ஆயர், மக்களோடு செபிக்கும்போது ‘மகன் வழியாக, ஆவியில், தந்தைக்கு மகிமை’ என்றும் சொன்னார், ‘மகனோடும் ஆவியோடும் தந்தைக்கு மகிமை’ என்றும் சொன்னார். ‘ஆவியோடு’ என்றதும் புகார் கிளம்பியது. அந்தச் சின்ன உருபுகளுக்காக அவர் 375 வாக்கில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம், ஆவி தந்தையோடும் மகனோடும் சேர்த்து வணங்கப்பட வேண்டியவர் என்று அறிக்கையிட்டபோது பசிலியுஸ் உயிரோடு இல்லை.

ஒரு நூற்றாண்டுச் சண்டையின் முடிவைத் தமிழ் ஒரு விகுதியில் வைத்துவிட்டது. கத்தோலிக்கருக்கு ‘ஆவியார்’. புரோட்டஸ்டண்டுகளுக்கு ‘ஆவியானவர்’. அது வந்தது என்று சொல்ல முடியாது, அவர் வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இதே போல, தானும் தந்தையும் ஒன்று என்று இயேசு சொல்லும் இடத்தில் கிரேக்க மூலம் ‘ஒருவர்’ என்று வைக்கவில்லை, ‘ஒன்று’ என்று வைத்திருக்கிறது. லத்தீனில் திரித்துவம் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிய தெர்த்துல்லியன் இதைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒரே ஆள்தான் என்றவர்களோடு வாதாடினார். பெரும்பாலான மொழிகளில் இந்த நுணுக்கத்தை விளக்க அடிக்குறிப்பு வேண்டும். தமிழ் படிக்கிறவருக்கு ‘ஒன்று’க்கும் ‘ஒருவர்’க்கும் வித்தியாசம் சொல்ல வேண்டியதில்லை.

*

எனக்குத் திறந்துகொடுத்த சாவி பசிலியுஸின் நண்பர் நாசியான்சு கிரகோரியிடம் இருந்தது. எதிராளிகள் அவரிடம் ஒரு பொறி வைத்தார்கள். ‘தந்தை’ என்பது கடவுளின் இயல்பைக் குறிக்கிற பெயரா, செயலைக் குறிக்கிற பெயரா? இயல்பு என்றால் மகனுக்கு அந்த இயல்பு கிடையாது. செயல் என்றால் மகன் செய்யப்பட்ட பொருள். கிரகோரி இரண்டையும் மறுத்தார். அது உறவின் பெயர் என்றார்.

அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “நீ எப்பம்மா அம்மா ஆன?”

“நீ பொறந்த அன்னிக்கு.”

“அப்ப அம்மாவா உன் வயசும் என் வயசும் ஒண்ணுதான?”

சிரித்தாள். மனிதர்களில் அம்மா அம்மாவாவதற்கு முன்னால் வேறு ஏதோவாக இருக்கிறாள். கடவுளில் அந்த ‘முன்னால்’ இல்லை என்கிறது கோட்பாடு. தனியாக ஒருவர் இருந்து, பிறகு அப்பாவாகவில்லை. உறவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது இல்லை. எதையும் படைப்பதற்கு முன்பே, அடியோடு அடியாக, அங்கே கொடுப்பவரும் பெறுபவரும் இருக்கிறார்கள்.

மூன்றாவது ஆள் எதற்கு? பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிஸில் புனித விக்டர் மடத்தின் ரிச்சர்டு இதற்கு ஒரு வழி சொன்னார். இரண்டு பேர் ஒருவரையொருவர் நேசிப்பது நல்லதுதான். ஆனால் அந்த நேசம் முழுமையாக வேண்டுமென்றால், இருவரும் சேர்ந்து நேசிக்க ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அது கதவைச் சாத்திக்கொண்ட அன்பு.

தம்பி பிறந்தபோது எனக்கு ஆறு வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, அம்மா அவனை என் மடியில் கிடத்தினாள். கீழே விழாமல் என் கைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டாள். அதுவரை அம்மா எனக்குச் சொந்தம், அவ்வளவுதான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தோம். ரிச்சர்டின் வாதத்தைப் படித்தபோது அது தர்க்கத்தில் நிற்குமா என்று நான் யோசிக்கவில்லை. அந்தக் கட்டில்தான் மனசில் வந்தது.

*

தம்பியோடு இரண்டு தடவை உட்கார்ந்து பேசினேன். அவன் கெட்டிக்காரன். “அக்கா, அப்போஸ்தலர் நடபடிகள் முழுக்கப் படி. எல்லாரும் இயேசு பேர்லதான் ஞானஸ்நானம் எடுத்திருக்காங்க. மூணு பேரச் சொல்லி ஒருத்தர்கூட எடுக்கல” என்றான். அது உண்மை. மத்தேயு சுவிசேஷத்தின் கடைசியில் மூவரின் பெயரும் வருகிறதே என்றேன். “பெயர்களால்னு இல்லயே, பெயரால்னுதான இருக்கு? அந்த ஒரு பெயர் இயேசு” என்றான். நான் அந்த ஒருமையை வேறு மாதிரி வாசிக்கிறேன். மூவருக்கும் சேர்த்து ஒரே பெயர், அதனால்தான் ஒருமை. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த ‘திதகே’ என்ற சின்னக் கையேட்டிலேயே மூவரின் பெயரால் தண்ணீர் ஊற்றும் முறை இருக்கிறது என்றும் சொன்னேன். அவன் சபையின் வேர் 1913இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நடந்த ஒரு முகாம் கூட்டத்தில் இருக்கிறது என்றும், 1914இல் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்ற போதகர்களே மறுபடி முங்கினார்கள் என்றும், 1916இல் அந்தப் பெந்தகோஸ்தே இயக்கம் இதன் பேரில் உடைந்தது என்றும் எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது. “பழசு மறைஞ்சு கெடந்துச்சு, அப்ப வெளிச்சம் வந்துச்சு” என்றான்.

அவன் எதைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிகிறது. கடவுளை மூன்றாகப் பங்கு போட்டுவிடக் கூடாது என்ற பயம் அது. நல்ல பயம்தான். குடியிலிருந்து அவனைத் தூக்கிய பெயரும் ஒன்றுதான், அதை விட அவனால் முடியாது. “ஒனக்குக் கெத்சமனேல அவர் யார்கிட்டப் பேசுனார்?” என்று மட்டும் கேட்டேன். “மனுசனா இருந்த இயேசு, தனக்குள்ள இருந்த தேவன்கிட்ட” என்றான். அந்தப் பதிலோடு என்னால் இருக்க முடியவில்லை. வியர்வை ரத்தமாக விழ ஒருவர் ‘அப்பா’ என்று அழைக்கும்போது, எதிர்ப்பக்கம் நிஜமாகவே ஓர் ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்பு என்பது கடவுளின் ஆழத்தில் இல்லை, வெளியே நமக்காகக் காட்டிய ஒன்று. நான் நிற்கிற இடம் அது.

அம்மாவுக்கு நிசேயாவும் வேண்டாம், ஹிப்போஸ்டாசிஸும் வேண்டாம். அவள் கேட்டது, யாரைக் கும்பிட்டேன் என்பது. பசிலியுஸின் உருபுகளைத்தான் அவளுக்குத் திருப்பிச் சொன்னேன்.

“அம்மா, நீ மூணு சாமிய வரிசையா நிக்க வெச்சு ஒவ்வொருத்தரயாக் கும்பிடல. மகன்கூட நின்னுகிட்டு, அப்பாகிட்டப் பேசுற. ஒனக்குள்ள இருந்து பேசவைக்கிறது ஆவியார். என்ன கேக்கணும்னு தெரியாம நீ சும்மா பெருமூச்சு விட்டா, அதயும் அவர் செபமாக்கிடுவார்னு பவுல் எழுதியிருக்கார். அவங்களுக்குள்ள எப்பவும் ஓடிட்டு இருக்கிற பேச்சு அது. நீ போய்ச் சேந்துக்கிட்ட.”

“நான் வாயத் தொறக்கதுக்கு முன்னாடியே அங்க பேச்சு நடந்துட்டு இருக்கா?”

“ஆமா.”

“ஒங்கப்பா போனப் பெறவு, ராத்திரி செவத்தப் பாத்துத் தனியாப் பொலம்பிட்டுக் கெடக்கேன்னுலா நெனச்சேன்” என்றாள். பிறகு அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அவள் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவில்லை. தம்பியிடம் அவளே சொல்லிக்கொண்டாள், என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் தன் சபைக்குப் போகிற வழியில் அவளைக் கோயில் வாசலில் பைக்கில் இறக்கிவிட்டுப் போகிறான். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அவன் வருவதில்லை. இறந்தவர்களுக்காகச் செபிப்பதும் கல்லறையை மந்திரிப்பதும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் இரண்டு நாள் முன்னாடியே சுண்ணாம்பும் மட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, அப்பா கல்லறையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, வெள்ளையடித்துவிட்டுப் போய்விடுகிறான். சிலுவையில் அப்பா பெயருக்கு மேல் மூவரின் பெயரும் எழுதியிருக்கிறது. போன வருடம் மழையில் எழுத்து அழிந்திருந்தது. கறுப்பு பெயின்டை எடுத்து எல்லா எழுத்தையும் ஒரு வரி விடாமல் அவனேதான் திருப்பி எழுதினான்.